சென்னையில் உங்கள் தெருவுக்கு நடைபாதை பெறுவது எப்படி

நடைபாதை வேண்டும் என்று ஒற்றை வரியில் எழுதப்படும் மனுவை வைத்துக்கொண்டு மாநகராட்சியின் உதவிப் பொறியாளரால் செலவு மதிப்பீடு தயாரிக்க இயலாது; மதிப்பீடு இல்லாத பணிக்கு எந்தத் தலைப்பிலிருந்தும் நிதி வராது. ஆகவே குடியிருப்போர் சங்கம் முதலில் செய்ய வேண்டியது, அளவு நாடாவுடன் தெருவில் இறங்குவதுதான்.

நடப்பதற்குத் தடையின்றிக் கிடைக்கும் அகலமே கணக்கில் கொள்ளத்தக்கது. குடியிருப்புத் தெருக்களில் இந்த அகலம் குறைந்தது 1.8 மீட்டரும், நடைபாதைத் தரையிலிருந்து தடையற்ற உயரம் 2.2 மீட்டரும் இருக்க வேண்டும் என்றும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி கூறுகிறது. மதில் சுவரிலிருந்து விளிம்புக் கல் வரை 2.5 மீட்டர் இருந்தாலும், இடையில் ஒரு மீட்டர் அகலத்தில் மின் பெட்டி நின்றால் அங்கே மிஞ்சுவது ஒன்றரை மீட்டர்தான். மரம், மின் பெட்டி, மழைநீர் வடிகால் மூடி, தள்ளுவண்டிக் கடை ஆகியவை நிற்கும் இடங்களை அளவுகளோடு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வியாபாரிகளை அகற்றக் கோருவதைவிட, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைந்த நகர விற்பனைக் குழுவின் வழியாக அவர்களுக்கும் இடம் ஒதுக்கக் கேட்பதே நியாயம்.

மிகக் கடினமான பகுதி வீட்டு வாசல்கள். கார் ஏறுவதற்காக ஒவ்வொரு வீட்டின் முன்னும் நடைபாதையை வெட்டித் தாழ்த்தினால், முதியவர் பத்தடிக்கு ஒரு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். முடிவில் அவர் சாலையிலேயே நடப்பார். நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும், வாகனத்துக்கான சரிவு விளிம்புக் கல்லை ஒட்டி மட்டுமே அமைய வேண்டும் என்பதை வரைபடத்திலேயே காட்டி, வீட்டு உரிமையாளர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெறுங்கள். பணி தொடங்கிய பின் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை இதனால் தவிர்க்கப்படும்.

இந்த வரைபடத்தை, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்து, மாமன்ற உறுப்பினரின் ஆதரவையும் பெற்று, மண்டல அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் நிதியாண்டு தொடங்குமுன் தாக்கலாவதால், அதற்குப் பல மாதங்கள் முன்பே மனு போய்ச் சேர்வது நல்லது. போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் செல்ல வேண்டும் என்பது, 2014இல் மாநகராட்சியே ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையின் இலக்கு. மனுவில் இதைத் தவறாமல் சுட்டுங்கள். மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதியும், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் பிற வழிகள். குடியிருப்போர் மூன்றில் ஒரு பங்கு செலுத்த முன்வந்தால், நமக்கு நாமே திட்டத்தில் இப்பணியைச் சேர்க்க இயலுமா என்று மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் வசதியுள்ள தெருக்களுக்கே பங்குத்தொகை எளிது என்பதால், பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் செல்லும் தெருக்களுக்கு மாநகராட்சியின் சொந்த நிதியையே வலியுறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பந்தப்புள்ளி கோருமுன், குடிநீர், கழிவுநீர், மின்கம்பி வேலைகள் ஏதும் நிலுவையில் உள்ளனவா என எழுத்து மூலம் கேளுங்கள். புதிதாகப் பதித்த பேவர் பிளாக்கைத் தோண்டினால் அது மீண்டும் மட்டமாக அமைவது அரிது. பணி முடிந்து ஒப்பந்ததாரரின் இறுதிப் பில்லுக்கு ஒப்புதல் கிடைப்பதற்குள், பொறியாளரோடு தெருவின் இரு முனைகளுக்கும் நடந்து, ஒவ்வொரு தடையின் அருகிலும் அகலத்தை மறுபடி அளந்து, குறைகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.