ரோமானிய ஊசிக்குப் புளி போட்ட கதை

ரோமானிய, இடைக்கால ஐரோப்பிய நகைகளைச் சேர்க்கப் புதிதாக வருபவர்களைப் பார்த்தால் என் பழைய அசட்டுத்தனம்தான் ஞாபகம் வருகிறது. போலியை வாங்காதே, ஏலத்தில் சூடாகாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விடுங்கள்.

தேய்க்காதீர்கள்

கி.பி. 4ஆம் நூற்றாண்டு வெண்கல ஃபிபுலா ஒன்று வாங்கினேன். மேலங்கியைத் தோளில் மாட்டும் ஊசி, நம் சேஃப்டி பின்னுக்குப் பாட்டன். இத்தாலியின் மோன்சா பேராலயத்துத் தந்தப் பலகையில், ரோமானியத் தளபதி ஸ்டிலிகோ என்று கருதப்படுபவரின் வலது தோளில் இருக்கும் அதே குறுக்குவில் வகை. மேலே வழுவழுவென்று கரும்பச்சைக் களிம்பு. எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? புளியைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன்.

பளபளவென்று வந்தது. ஆனால் அதிலிருந்த வட்டப்புள்ளி வேலைப்பாட்டில் பாதியைக் காணோம். மண்ணுக்குள் வெண்கலம் மெல்ல உருமாறும்போது அதன் பழைய மேற்பரப்பு களிம்புக்குள்தான் தங்குகிறது. களிம்பைச் சுரண்டினால் வேலைப்பாடும் போகும்.

அதோடு விட்டதா? உள்ளே தங்கியிருந்த குளோரைடு உப்பு வெளியே தலைகாட்டியது. சில வாரத்தில் வெளிர்பச்சை மாவு பூத்தது. வெண்கல நோய் என்பார்கள். உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகும், அமிலம் செம்பைத் தின்னும், மறுபடி உப்பு. டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தபின்தான் அடங்கியது. விற்கப் போனபோது வியாபாரி கேட்டது வாங்கிய விலையில் கால்வாசி. "யார் சார் இப்படிப் பண்ணினது?" என்றார். வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று பொய் சொன்னேன்.

போன மாதம் ஒரு தம்பி எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்துப் பெருமையாகக் காட்டினான். என்னத்தைச் சொல்ல!

தங்கமா, கம்பியைப் பாருங்கள்

ரோமானியத் தட்டார்கள் பெரும்பாலும் தகட்டுப் பட்டையை முறுக்கித்தான் கம்பி செய்தார்கள். லென்ஸ் வைத்தால் திருகாணி போல் சுற்றிவரும் கோடு தெரியும். கம்பியின் நீளத்துக்கு நேர்கோடுகள் ஓடினால், அது அச்சில் இழுத்த கம்பி, பிற்காலத்து முறை. நகையைக் கீழே வைத்துவிட்டு விற்பவரிடம் கேள்வி கேளுங்கள்.

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பு"

எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விற்பவர்கள் சொல்லும் பதில் இது. அது ரசீது இல்லை. 1997 செப்டம்பருக்குப் பின் இங்கிலாந்து மண்ணில் கிடைத்த இடைக்காலத் தங்க மோதிரம் என்றால், 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளில் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

விரலில் போட்டுப் பார்ப்பது

கல்யாண வீடாக இருந்தாலும் கூடாது.