ஜிசிசி 14ல நின்னு போன பழைய சி கோடு, நான் சரி பண்ண விதம்

கிண்டில ஒரு கம்பெனிக்காக பழைய சி கோடை புது லினக்ஸுக்கு மாத்திட்டு இருந்தேன். கோடை மெஷின் ஓட்டுற மாதிரி மாத்துற கம்பைலர் ஜிசிசி 14, 2024ல வந்தது, எரரா கொட்டுது. எல்லாம் புரோட்டோடைப் (ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும்னு முன்னாடியே சொல்ற வரி) இல்லாம ஃபங்ஷனை கூப்பிடுற கேஸ். சி99 ஸ்டாண்டர்டுலயே இதை தூக்கிட்டாங்க, ஆனா ஜிசிசி இத்தனை வருஷமா வெறும் வார்னிங்தான் குடுத்துட்டு இருந்துச்சு.

கூட வேலை பாக்குற தம்பி "அண்ணே, பெர்மிசிவ் ஆப்ஷன் போட்டா மறுபடி வார்னிங் ஆயிடும்"னான். ஆகும்தான், ஆனா அந்த கோடுல ஒரு ஃபங்ஷன், பாயிண்டரை, அதாவது மெமரி அட்ரஸை, ரிட்டர்ன் பண்ணுது, புரோட்டோடைப் இல்லேன்னா கம்பைலர் அதை இன்ட்னு, அதாவது சாதா முழு எண்ணுன்னு, எடுத்துக்கும், 64 பிட் லினக்ஸ்ல பாயிண்டர் 8 பைட் இன்ட் 4 பைட், பாதி அட்ரஸ் காலி, பழைய 32 பிட் மெஷின்ல ரெண்டுமே 4 பைட்ங்கிறதால ஒண்ணும் தெரியாம ஓடிட்டு இருந்திருக்கு. இதை வார்னிங்னு விட்டா கஸ்டமர் இடத்துலதான் கிராஷ் ஆகும், கம்பைலர் இங்க கறாரா நிக்கிறதுதான் நியாயம்.

அதனால புரோட்டோடைப் எல்லாம் வச்சு ஒரு ஹெடர் ஃபைல் எழுதி, கூப்பிடுற இடத்துலயும் ஃபங்ஷன் எழுதுன ஃபைல்லயும் சேத்தேன், டைப் ஒத்துப்போகலேன்னா கம்பைலரே புடிச்சிடும். பழைய ஜிசிசி வச்சிருக்கவங்க மேக்ஃபைல்ல (எப்படி கம்பைல் பண்ணணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) புரோட்டோடைப் இல்லேன்னு வர்ற இந்த ஒரு வார்னிங்கை மட்டுமாவது எரரா மாத்தி வச்சுக்கோங்க.