விக்கெட் கீப்பர்-மட்டையாளராக வளர விரும்புவோருக்கு

கோலாலம்பூர் வட்டாரத்தில் பிள்ளைகளைக் கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும், கையுறை அணிய ஆசைப்படும் இளையோரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, ஓர் அணியில் நான்கைந்து பந்துவீச்சாளர்களுக்கு இடமுண்டு, விக்கெட் கீப்பருக்கோ ஒரே ஓர் இடம்தான் என்பதாகும். அந்த இடம் பறிபோனாலும் மட்டையின் பலத்தால் அணியில் நிலைக்கும் தகுதியைத் தொடக்கத்திலிருந்தே வளர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையைச் சேர்ந்த கீப்பர் தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பரில் இந்திய அணிக்கு அறிமுகமானார். தோனி அறிமுகமானது அதே ஆண்டு டிசம்பரில். தோனி கீப்பராக நிலைபெற்ற பின்னரும், 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் கார்த்திக் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 263 ஓட்டங்கள் எடுத்தார். அத்தொடரில் இந்தியர் எவரும் அதைவிட அதிகம் எடுக்கவில்லை. தமது 37ஆம் வயதில் 2022 டி20 உலகக் கிண்ணத்தில் அவர் ஆடியதற்கும் கடைசி ஓவர்களில் அடித்தாடும் திறனே காரணம்.

கீப்பிங் பயிற்சியைக் கைகளிலிருந்து அல்ல, கால்களிலிருந்து தொடங்குங்கள். குந்தி அமரும்போது உடலின் எடை குதிகாலில் இறங்காமல் பாதத்தின் முன்பகுதியில் நிற்க வேண்டும். பந்து தரையில் பட்டு எழும் வரை பொறுத்திருந்து, அதனோடு சேர்ந்தே எழ வேண்டும். முந்தி எழுபவர்களுக்குத் தாழ்வாக வரும் பந்து கையுறைக்கு அடியில் நழுவிவிடும். விரல்நுனிகள் ஒருபோதும் பந்தை நோக்கி நீண்டிருக்கக் கூடாது, ஏனெனில் கீப்பர்களின் விரல் முறிவுகளில் பல அப்படித்தான் நேர்கின்றன. சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கையில், மட்டையாளரின் உடல் பார்வையை மறைக்காதபடி தலையை ஆஃப் ஸ்டம்புக்கு (மட்டையாளரின் மட்டைப் பக்கத்து ஸ்டம்ப்) சற்று வெளியே வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுச் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, வெறுங்கையால், பெரும்பாலும் ஒற்றைக் கையால் பிடித்துப் பழகுவது விலையுயர்ந்த கருவிகள் பலவற்றைவிடப் பயன்தரும் என்பது என் கருத்து.

தலைக்கவசம் குறித்துப் பேரம் பேச வேண்டாம். 147 டெஸ்ட்டுகளில் ஆடிய தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர், 2012இல் டான்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் தலைக்கவசமின்றி ஸ்டம்பருகே நின்றபோது ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு மரத்துண்டான பெய்ல் தெறித்துக் கண்ணில் பட, அத்துடன் அவரது ஆட்ட வாழ்வே முடிந்தது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்கையுறை விரைவில் நனைந்து வழுக்கத் தொடங்குமாதலால் மாற்று இணை ஒன்று பையில் இருக்கட்டும். பிற்பகல் இடிமழை வழக்கமாகையால் நீண்ட பயிற்சியைக் காலையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

மட்டையடிப்பில், எந்த வரிசையில் இறங்குவது என்பதே பெரிய முடிவு. இலங்கையின் குமார் சங்கக்காரா கீப்பராக ஆடிய 48 டெஸ்ட்டுகளில் சராசரியாக 40 ஓட்டங்களும், கையுறையின்றி ஆடிய 86 டெஸ்ட்டுகளில் 66 ஓட்டங்களுக்கு மேலும் எடுத்தார். அத்தகைய மேதையிடமே கீப்பிங்கின் சுமை இவ்வளவு தெரிகிறதென்றால், நாள் முழுதும் குந்தியெழுந்த இளைஞரை உடனே தொடக்க ஆட்டத்துக்கு அனுப்புவது நியாயமன்று. நீண்ட ஆட்டங்களில் ஆறாம் அல்லது ஏழாம் இடம் பொருந்தும். ஆஸ்திரேலியக் கீப்பர் ஆடம் கில்கிறிஸ்ட் பெரும்பாலும் ஏழாம் இடத்தில் இறங்கியே டெஸ்ட்டில் 5,570 ஓட்டங்களைச் சேர்த்தார். டி20 ஆட்டத்தின் கணக்கு வேறு: இருபது ஓவர் கீப்பிங் கால்களை அவ்வளவு வாட்டுவதில்லை, முதல் ஆறு ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே தடுப்பாளர்கள் இருவர் மட்டுமே நிற்பதால் தொடக்க இடம் இலாபகரமானது. கிள்ளானை அடுத்த பண்டமாரானின் பாயுமாஸ் திடலில், 2025 மகளிர் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ண அரையிறுதியில், தமிழ்நாட்டின் கீப்பர் கமலினி தொடக்கத்தில் இறங்கி ஆட்டமிழக்காமல் 56 எடுத்ததை நம்மவர் சிலர் நேரிலேயே கண்டிருப்பர்.

வாரத்தில் ஒருநாளாவது கீப்பிங் பயிற்சி முடிந்த கையோடு, கால்கள் களைத்திருக்கும்போதே மட்டை பிடியுங்கள். சேரவிருக்கும் கிளப்பில் ஏற்கெனவே நல்ல கீப்பர் இருந்தால் ஒதுங்க வேண்டாம். மட்டையாளராகச் சேர்ந்து களத்தில் பாயிண்ட் (மட்டையாளரின் ஆஃப் பக்கம்) அல்லது ஸ்லிப்பில் (கீப்பருக்குப் பக்கத்தில்) நில்லுங்கள், அவர் வராத வாரத்துக்குக் கையுறையை உடன் கொண்டு செல்லுங்கள்.