வெளிமாநிலத்திலிருந்து சாப்பல் ஹில்லுக்கு: இடம் கிடைக்குமா, பணம் கிடைக்குமா?

பொறியியல் கலந்தாய்வுக்காக நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்டு தாலுகா ஆபீசுக்கு அலைந்தது நினைவிருக்கிறதா? இங்கே அமெரிக்காவிலும் அதே கதைதான். அரசுப் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது, பிள்ளை எந்த மாநிலத்துப் பிள்ளை என்பதை.

சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் சேர்ந்து 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 1986-இல் வந்தது. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்த உள்மாநிலப் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேர் அளவுக்கு இடம் கிடைத்தது. வெளியிலிருந்து வருபவர்களில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ இருந்துகொண்டு, "மார்க் நல்லா இருக்கு, கிடைச்சிடும்" என்று நம்பியிருக்க வேண்டாம். கட்டணமும் அப்படித்தான். உள்ளூர்ப் பிள்ளைக்கு வருடம் 9,000 டாலர் போல; வெளிமாநிலத்துப் பிள்ளைக்கு 40,000-க்கும் மேல், விடுதியும் சாப்பாடும் தனி.

அப்புறம் ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தைச் சொல்கிறேன்? உள்ளே போய்விட்டால், வெளிமாநிலப் பிள்ளைக்கும் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையை (இதைத்தான் 'தேவை' என்கிறார்கள்) முழுவதும் ஈடுகட்டும் மிகச் சில அரசுப் பல்கலைக்கழகங்களில் இது ஒன்று. வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அப்படியே. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் கதை வேறு. 2024-25-இல் வெளிமாநிலத்தவர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது 34,200 டாலர். அதற்குத் தேவை அடிப்படையிலான உதவியை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது விசா விஷயத்தில். ஃபாஃப்சா என்ற விண்ணப்பப் படிவம் வழியாக வரும் மத்திய அரசு உதவிக்குப் பார்ப்பது பிள்ளையின் நிலையை, பெற்றோரின் நிலையை அல்ல. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளை தாராளமாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உள்ள பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். எச்-1பி-காரரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் உள்ள பிள்ளைக்கு அந்த வழி இல்லை. சாப்பல் ஹில்லின் தேவை அடிப்படையிலான உதவியும் அதே கணக்குதான். எச்-4 பிள்ளைகளுக்குத் திறந்திருப்பது மோர்ஹெட்-கெய்ன் போன்ற, குடியுரிமை பார்க்காத திறமை உதவித்தொகைகள். ஆனால் போட்டி கடுமை.

எச்-4-க்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. தேவை அடிப்படையிலான உதவிதான் இல்லையே தவிர, உள்மாநிலக் கட்டணம் கிடைக்கலாம். வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் பக்கம் வேலை கிடைத்து வந்தவர்கள் கவனியுங்கள்: இந்த மாநிலத்தில் எச்-1பி, எச்-4 குடும்பங்களும் 12 மாதம் நிலையாகக் குடியிருந்ததைக் காட்டி உள்மாநிலத்தவர் ஆகலாம். இதை முடிவு செய்வது கல்லூரி அல்ல, யார் உள்மாநிலத்தவர் என்று தீர்மானிக்கும் ஆர்.டி.எஸ். என்ற மாநில அமைப்பு. வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, மாநில வரிக் கணக்கு எல்லாவற்றையும் வந்த முதல் மாதத்திலிருந்தே தேதியோடு சேர்த்து வையுங்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது வேறு மாநிலத்தில் வேலை மாறலாமா என்று யோசிப்பவர்கள், சம்பள உயர்வோடு இந்த 30,000 டாலருக்கும் மேற்பட்ட கட்டண வித்தியாசத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

பண உதவி கேட்பதாக இருந்தால், ஃபாஃப்சாவோடு சாப்பல் ஹில்லுக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இன்னொரு நிதி விவரப் படிவமும் நிரப்ப வேண்டும். கணக்கில் எடுப்பது இரண்டு வருடம் முந்தைய வருமானம்: 2027 இலையுதிர்காலத்தில் சேர்பவருக்கு 2025-ஆம் ஆண்டு வருமானம். அந்த வருடம் ஊரில் மனை விற்றிருந்தால், அந்த லாபமும் உங்கள் வருமானமாகத்தான் தெரியும். விற்காமல் வைத்திருந்தால் தப்பித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா விட்டுவிடும், மதுரையில் வாடகைக்கு விட்ட வீட்டை விடாது.

இவ்வளவும் தலைசுற்றினால், ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் இருக்கும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரை ஒரு மாலை உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள். சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். எச்-4 குடும்பங்கள் மட்டும் அது காட்டும் தொகையை நம்ப வேண்டாம்; உங்களுக்குக் கிடைக்காத உதவியையும் அது கழித்துக் காட்டலாம்.

சாப்பல் ஹில் கிடைக்காவிட்டால் வட கரோலினாவையே விட்டுவிட வேண்டியதில்லை. வெஸ்டர்ன் கரோலினா, பெம்புரோக், எலிசபெத் சிட்டி, ஃபேயட்வில் ஆகிய நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் 'என்.சி. பிராமிஸ்' திட்டம் இருக்கிறது: உள்மாநிலத்தவருக்கு செமஸ்டர் டியூஷன் 500 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 2,500. பெயர் கேட்டு உறவினர்கள் புருவம் உயர்த்துவார்கள். உயர்த்தட்டும், கட்டணம் கட்டப்போவது நீங்கள்தானே.