தேடல் உள்ளவர்கள் தவறிப்போகும் இடங்கள்

ஒருவரைப் பற்றிப் பேசும்போது "அவருக்குத் தேடல் உண்டு" என்றால் அதைக் கொஞ்சம் மரியாதையோடுதான் சொல்கிறோம். பிழைப்பு, குடும்பம், நல்ல பெயர் எல்லாம் இருந்தும் ஏதோ ஒன்றை அறிந்தே ஆகவேண்டும் என்ற தவிப்பு அவருக்குள் இருக்கிறது என்று அதற்குப் பொருள். நான் யார், இந்தத் துன்பம் எங்கிருந்து வருகிறது, சாவோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா என்று கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். தவிப்பு ஒன்றுதான்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நானும் இந்தத் தவிப்போடு இருக்கிறேன். இதே வழியில் நடப்பவர்கள் பலரோடு நெருங்கிப் பழகியிருக்கிறேன். இவர்களில் சோம்பலால் நின்றுபோனவர்கள் குறைவு. உண்மையான ஆர்வத்தோடு தொடங்கி, சில இடங்களில் கால் தடுக்கி, தடுக்கியது தெரியாமலே பல ஆண்டுகளைக் கழித்தவர்கள்தான் அதிகம். அந்த இடங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். தேடுகிறவர் என்றால், கிடைக்கிற விடை தன்னை மாற்றுவதற்கு இடம் கொடுப்பவர் என்பது என் புரிதல். கீழே வருகிற தவறுகளை உற்றுப் பார்த்தால், எல்லாமே மாறாமல் தப்பித்துக்கொள்ள நாம் கண்டுபிடித்த வழிகள்தான்.

எதற்காக வந்தோம் என்பதை மறைத்துக்கொள்வது

கீதையின் ஏழாவது அத்தியாயத்தில் இறைவனை நாடி வருபவர்களை நான்கு வகையாகப் பிரித்துச் சொல்லும் ஓர் இடம் உண்டு: துன்பப்பட்டு வருபவர், அறிய விரும்பி வருபவர், பொருள் வேண்டி வருபவர், ஞானி. படித்தவுடன் பெரும்பாலோர் தங்களை இரண்டாவது வகையில் வைத்துக்கொள்கிறார்கள். அறிய விரும்புபவர் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருக்கிறது. துன்பத்தால் வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பா இறந்த சில மாதங்களில் வேதாந்தம் படிக்க ஆரம்பித்தார். மிகுந்த கூர்மை உள்ளவர். இரண்டே வருடத்தில் ஆன்மாவுக்கு அழிவில்லை என்பதை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் நிறுவிக் காட்டுவார். ஆனால் அந்த இரண்டு வருடமும் அப்பாவின் அறைக்குள் அவரால் கால் வைக்க முடியவில்லை. அவருக்கு அப்போது வேண்டியிருந்தது அழுகை. தத்துவத்தை எடுத்து அதன்மேல் போர்த்தி மூடிவிட்டார். பிறகு ஒருநாள் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதபின்தான் தான் படித்தவை தன்னோடு பேச ஆரம்பித்தன என்று என்னிடம் சொன்னார்.

கீதை அந்த நான்கு வகையினரில் ஞானியைத் தனித்து உயர்த்திச் சொன்னாலும், நால்வருமே நல்லவர்கள்தான் என்று இரண்டு சுலோகம் தள்ளிச் சொல்லிவிடுகிறது. துன்பத்தால் வருவதில் ஒரு குறையும் இல்லை. தனிமையால் வந்தவர் தனிமையால் வந்தேன் என்று சொல்லட்டும். வேலையில் தோற்றுப்போய் வந்தவரும் அப்படியே. தன் கேள்வியை நேர்மையாக ஒரே ஒரு வரியில் எழுதிப் பார்ப்பது இதற்கு நல்ல வழி. அடுத்தவருக்குக் காட்ட எழுதக்கூடாது. எழுதிய வரி புத்தகத்தில் படித்தது போல இருந்தால் அது நம்முடையது இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதவேண்டும்.

சேர்த்துக்கொண்டே போவது

ஒரு நூல், அடுத்தது இன்னொரு நூல், ஒரு முகாம், ஒரு புதிய மூச்சுப் பயிற்சி, மணிக்கணக்கில் சொற்பொழிவு வீடியோக்கள். பல வழிகளைப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் புத்தரின் வாழ்க்கையிலிருந்து சொன்னால் தெளிவாகும்.

பௌத்த மரபுப்படி சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் புறப்பட்டது 29 வயதில். முதலில் ஆளார காலாமர் என்ற ஆசிரியரிடம் போனார். அவர் கற்றுத்தந்த தியான நிலையை அதன் கடைசி எல்லைவரை எட்டினார். ஆசிரியரே வியந்து, என்னோடு சேர்ந்து இந்தச் சீடர்களை வழிநடத்து என்று அழைத்தார். சித்தார்த்தர் மறுத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்து உத்தக ராமபுத்திரரிடமும் அதே கதைதான். அங்கே அவருக்கு ஆசிரியரின் இடத்தையே கொடுக்க முன்வந்தார்கள். அதையும் விட்டு வந்தார். அதன்பின் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள், எலும்பும் தோலுமாக ஆகும்வரை உடம்பை வாட்டிப் பார்த்தார். அதுவும் உதவாது என்று கண்டதும் மறுபடி உணவு எடுத்துக்கொண்டார். கூட இருந்த ஐந்து பேர், இவன் தவத்தைக் கைவிட்டு சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டான் என்று பிரிந்து போனார்கள். 35 வயதில் ஞானம் பெற்றார்.

அவரும் வழி மாறியவர்தான், அதுவும் மூன்று முறை. ஆனால் ஒவ்வொன்றையும் முழுக்கச் செய்து முடித்து, என் கேள்விக்கு இங்கே விடை இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கிளம்பினார். ஆசிரியர் பதவி கிடைத்தபோதும் அதில் உட்கார்ந்துவிடவில்லை. கூட இருந்தவர்கள் இகழ்ந்தபோதும் பிடிவாதத்துக்காகப் பழைய வழியிலேயே தொடரவில்லை. நாம் மாறுவது பெரும்பாலும் வேறு காரணத்தால். ஒரு பயிற்சி நம்மைத் தொட ஆரம்பிக்கும் இடம் ஒன்று உண்டு. நம்முடைய கோபமோ பொறாமையோ பயமோ பளிச்சென்று தெரியத் தொடங்கும் இடம் அது. சரியாக அங்கேதான் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று அடுத்ததற்குத் தாவுகிறோம். நான் மூன்று முறை அப்படித் தாவியிருக்கிறேன். மூன்று முறையும் காரணம் சலிப்பு என்றே நினைத்திருந்தேன்.

அதனால் ஒன்றை விடுவதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முடித்துவிட்டுப் போகிறேனா, இது என்னை நெருங்கியதால் போகிறேனா?

குருவைச் சோதிக்காமல் ஏற்பது, சோதித்துக்கொண்டே இருப்பது

இரண்டுமே தவறுதான். முதலாவது அதிக ஆபத்தானது.

நரேந்திரன் என்ற கல்லூரி மாணவர், பின்னாளில் விவேகானந்தர், கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று பெரியவர்களிடம் நேரடியாகவே கேட்டுத் திரிந்தவர். 1881-இல் ராமகிருஷ்ணரைச் சந்தித்தார். பார்த்திருக்கிறேன் என்ற பதில் கிடைத்தது. அந்த பதிலாலேயே அவர் காலில் விழுந்துவிடவில்லை. ராமகிருஷ்ணர் காசைத் தொட்டால் உடம்பு கூசும் என்று கேள்விப்பட்டு, அவருக்குத் தெரியாமல் படுக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். ராமகிருஷ்ணருக்கு இதில் மகிழ்ச்சிதான். பணம் மாற்றுகிறவன் காசைத் தட்டிப் பார்ப்பது போல என்னையும் சோதித்துப் பார் என்று சீடர்களிடம் சொன்னவர் அவர்.

அந்த மனநிலைதான் எனக்கு அளவுகோல். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறவர், "உன் அகங்காரம் கேட்கிறது" என்று எல்லாக் கேள்விகளையும் ஒரே வார்த்தையில் அடக்குகிறவர், குடும்பத்தையும் பழைய நண்பர்களையும் விட்டு விலகச் சொல்கிறவர், உங்கள் சொத்திலோ உடம்பிலோ உரிமை எடுத்துக்கொண்டு அதை ரகசியமாக வைக்கச் சொல்கிறவர் என இவர்களில் யாராக இருந்தாலும் அங்கிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். கொடுத்த பணம் போகட்டும், கழித்த வருடங்கள் போகட்டும். "இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனி எப்படித் திரும்புவது" என்ற எண்ணம்தான் பலரை அங்கேயே கட்டிப்போடுகிறது. குருட்டை நீக்காத குருவைப் பிடித்துக்கொண்டு இருவருமாகக் குழியில் விழுவதைத் திருமூலர் எப்போதோ பாடி வைத்துவிட்டார்.

மறுபக்கம், யாரிடமும் எதையும் கற்காமல் எல்லோரிடமும் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவர்கள். இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஜே. கிருஷ்ணமூர்த்தியை. உலக ஆசான் என்று தன்னை மையமாக வைத்து உருவான அமைப்பை 1929-இல் அவரே கலைத்தார் என்பது உண்மை. அதற்காக அவர் இழந்தவை எவ்வளவு என்பதை இவர்கள் சொல்வதில்லை. ஆயிரக்கணக்கான சீடர்கள், நிலம், பதவி எல்லாவற்றையும் துறந்தவர் அவர். எதையும் இழக்காமல், நாற்காலியில் சாய்ந்துகொண்டு "குரு தேவையில்லை" என்பது அதோடு சேராது.

காயத்தின்மேல் தத்துவத்தைப் பூசுவது

தேடுகிறவர்களைச் சுற்றியிருப்பவர்கள் அதிகம் துன்பப்படுவது இந்தத் தவறால்தான். அதனால் இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், தானும் பௌத்தப் பயிற்சி செய்தவர், 1980களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஆன்மிகத்தைக் குறுக்குவழியாக்கி, தீர்க்காத மனக்காயங்களையும் முடிக்காத வளர்ச்சியையும் சுற்றிக்கொண்டு போவது என்று அதைத் தமிழில் சொல்லலாம். நடைமுறையில் எப்படி இருக்கும்? மனைவி வருத்தத்தைச் சொல்லும்போது "எல்லாம் மாயை" என்பது. அண்ணனோடு பேச்சு நின்றுபோனதைப் "பற்றறுத்தல்" என்பது. கடன் கழுத்தை நெரிக்கும்போது "நடப்பது நடக்கட்டும்" என்பது. வார்த்தைகள் எல்லாம் பெரியவர்கள் சொன்னவைதான். அவர்கள் ஏறி முடித்த படியிலிருந்து சொன்னதை நாம் முதல் படிக்கு முன்னாலேயே நின்றுகொண்டு சொல்கிறோம்.

ஒருநாள் அதிகாலை நான் தியானத்தில் இருந்தபோது என் மகள், அப்போது ஏழு வயது, ஏதோ கெட்ட கனவு கண்டு அழுதுகொண்டே வந்து கதவைத் தட்டினாள். தொந்தரவு செய்யாதே என்று அதட்டி அனுப்பினேன். அனுப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடி அன்பைப் பற்றிய தியானத்தைத் தொடர்ந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று உறைக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது நினைவில் இல்லை, எனக்கு இருக்கிறது.

இல்லறத்தை விட்டுவிட்டு வரலாமா என்று ரமணரிடம் கேட்டவர்கள் பலர். இடம் மாறினாலும் மனம் கூடவே வரும், இப்போது இல்லறத்தான் என்று நினைப்பவன் அப்போது துறவி என்று நினைப்பான், அவ்வளவுதான் வேறுபாடு என்ற பொருளில் அவர் சொல்லியிருக்கிறார். துறவு கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டையிலிருந்து ஓடிப்போவதற்குத் துறவு என்று பெயர் வைக்கவேண்டாம் என்கிறேன். பேசவேண்டிய இடத்தில் பேசி, மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்டு, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, அதன்பின் தியானத்தில் அமர்ந்து பாருங்கள். தியானமே வேறு மாதிரி இருக்கும்.

அனுபவத்தைத் துரத்துவது

ஒளி தெரிந்தது, உடம்பு லேசானது, கண்ணீர் பெருகியது. ஒருமுறை வந்துவிட்டால் அதையே மறுபடி எதிர்பார்த்து உட்காருகிறோம். வராதபோது ஏதோ தவறு செய்துவிட்டதாகக் கலங்குகிறோம். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிலுவை யோவான் என்ற கிறிஸ்தவத் துறவி இந்த வறட்சிக் காலத்தை இருண்ட இரவு என்று அழைத்தார். வழியில் வருகிற ஒரு கட்டமாகவே அவர் அதைப் பார்த்தார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது உலகம் திகைத்தது. பல பத்தாண்டுகள் அவர் உள்ளுக்குள் இறைவனின் அண்மையை உணராமலே இருந்திருக்கிறார். அந்த ஆண்டுகளில்தான் அவர் கைகள் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தன.

ஆனால் வறட்சி வேறு, நோய் வேறு. தியானத்தால் எல்லோருக்கும் எப்போதும் நன்மைதான் என்பது உண்மையில்லை. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தியானம் செய்பவர்களும் அதைக் கற்றுத்தருபவர்களும் கடும் பயம், பதற்றம், தூக்கமின்மை, தன்னிலிருந்தே விலகிப்போன உணர்வு போன்றவற்றை விவரித்திருக்கிறார்கள். நாட்கணக்கில் தூக்கம் வராவிட்டாலோ, யாரோ பேசுவது போலக் காதில் விழுந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். "இது குண்டலினி, பொறுத்துக்கொள்" என்று யாராவது சொன்னாலும் பார்க்கவேண்டும். ஏற்கெனவே மன நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆன்மிகத்தை நம்பி அதைத் தாங்களாகவே நிறுத்தக்கூடாது.

இன்னும் சில

அடுத்தவரோடு ஒப்பிடுவது. வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்கு 1896-இல் சில நிமிடங்களில் எல்லாம் விளங்கிவிட்டது, எனக்கு ஏன் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். ரமணர் என்று பெயர் பெறுவதற்குமுன் அவர் ஆண்டுக்கணக்கில் பேசாமலே இருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்வி கேட்டபோதும் பதிலை எழுதித்தான் காட்டினார்.

சீக்கிரமே போதிக்கத் தொடங்குவது. நேற்றுப் புரிந்ததை இன்று நண்பருக்குச் சொல்லும்போது, புரிந்தது பாதி ஆவியாகிவிடுகிறது. கொஞ்ச காலம் உள்ளேயே கிடக்கட்டும்.

அப்புறம், கேள்வி மாறுவதைக் கவனிக்காமல் இருப்பது. தேடல் நேர்மையாக நடந்தால் தொடங்கிய கேள்வி அப்படியே நிற்காது. சென்ற வருடம் என் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தில் "எனக்கு ஏன் இப்படி நடந்தது?" என்று எழுதி, பேனா பதிந்து தாள் கிழிகிற அளவுக்கு இரண்டு முறை கோடு போட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதை நான் கேட்பதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன, எப்போது நிறுத்தினேன் என்றுகூடத் தெரியவில்லை. அதற்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தது. இப்போது எனக்குள் இருக்கும் கேள்வியை அதில் எழுதி வைத்தேன். அதில் "எனக்கு" என்ற சொல் வரவில்லை.