பத்மினிக்குள் பெரிய என்ஜின்: பாடியை வெட்டாமல் மாற்றும் முறை

வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் சமதளச் சாலையில் என் 1978 பிரீமியர் பத்மினி காருக்கு ஒரு குறையும் இல்லை. நெம்மாறை தாண்டி, போத்துண்டி அணையைக் கடந்து, நெல்லியாம்பதி ஏற்றத்தில் நான்கு பேரோடு ஏறும்போதுதான் அதற்கு மூச்சு வாங்கும். அதனால்தான் அதே பிரீமியர் கம்பெனியின் 118 என்.இ. காரிலிருந்து எடுத்த என்ஜினை அதில் ஏற்றினேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் என்ஜின் இறக்கிப் பழக்கமில்லை என்பவர்களுக்காக அந்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. பத்மினிக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் சேசிஸ். 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தயாரிப்பு நின்றுபோனது, வேறு பாடி வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ஆகவே கியர் லீவருக்காகத் தரையில் போடும் ஓர் ஓட்டை தவிர, ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் போல்ட் போட்டு உட்காருகிற மாதிரிதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பத்து வருடம் கழித்து வீட்டில் யாராவது பழைய என்ஜினைத் திரும்ப வைக்க நினைத்தால், இரண்டு நாளில் அது முடிய வேண்டும்.

காகித வேலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. என்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன்அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது, நம் பக்கத்தில் சோதனையும் கடுமை. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் புது என்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள்.

2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளைத்தான் விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். என்ஜின் மாறினால் அந்தத் தகுதி போய்விடும். என் வண்டிக்கு 2028-இல் 50 ஆகிறது. திரும்பி வரும் வழியை நான் அடைக்காமல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வண்டி 1974 மாடலாக இருந்து, பழைய என்ஜினும் ஓடுகிறது என்றால், என் யோசனை அதைத் தொடாதீர்கள் என்பதே.

என்ஜின் தேர்வு

பத்மினியின் சொந்த என்ஜின் 1089 சி.சி., 118 என்.இ.யில் இருப்பது 1171 சி.சி. வெறும் 82 சி.சி.க்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். வித்தியாசம் கொள்ளளவில் மட்டும் இல்லை. பழைய என்ஜினின் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, மூன்று மெயின் பேரிங் தாங்குகிறது. நிஸான் வடிவமைத்த இந்த ஏ12 என்ஜினில் ஐந்து. வேகம் கூடும்போது அதிர்வு குறைகிறது, ஏற்றத்தில் இழுத்து ஓட்டினாலும் பயமில்லை. மாருதி ஜிப்ஸியின் 1298 சி.சி. என்ஜினை வைப்பவர்களும் உண்டு. அது இன்னும் பலமானது, ஆனால் முதல் முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். பலம் கூடக் கூட பிரேக், பின் ஆக்சில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்.

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். என்ஜின், கியர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கிளட்ச், மவுண்டிங் ரப்பர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரே செட்டாக வேண்டும். பத்மினியின் கியர் பாக்ஸ் இந்த என்ஜினோடு சேராது. வாங்கும்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். நான்கு சிலிண்டருக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். பில்லும், அந்த வண்டியின் பதிவு ரத்தான காகிதமும் தராத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். என்ஜின் நம்பர் தேய்ந்திருந்தால் அதோடு பேச்சே வேண்டாம்.

முதலில் பிரேக்

பழைய என்ஜின் உள்ளே இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். லைனிங், வீல் சிலிண்டர், ஹோஸ் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். டிரம் வட்டம் கெட்டு முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லேத்தில் கடைந்து வாங்குங்கள். மலை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து மனசு ஒப்பிய பிறகே அடுத்த வேலை.

இறக்குவது

பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் லைனை அடைத்து, தண்ணீரும் ஆயிலும் வடித்துவிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டி, போனில் படம் எடுங்கள். பானெட்டையும் ரேடியேட்டரையும் எடுத்துவிட்டால் நல்ல இடம் கிடைக்கும். கியர் பாக்ஸோடு சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் எடை வரும். எடை தூக்கும் செயின் பிளாக் தொங்கும் உத்தரம் அதைத் தாங்குமா என்று பாருங்கள். மாமரக் கிளையில் கட்டி இறக்குவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் மூத்த மெக்கானிக்கை ஆசான் என்போம். இறக்கும் நாளிலும் ஏற்றும் நாளிலும் அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மவுண்டிங்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். புது என்ஜினைச் செயினில் தொங்கவிட்டபடியே உள்ளே இறக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். அப்புறம் அளக்க ஆரம்பியுங்கள். சம்ப் (என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கீழே கிராஸ் மெம்பரை (குறுக்குச் சட்டத்தை) தொடக் கூடாது, ஸ்டியரிங் ராடு முழுதாகத் திரும்ப வேண்டும், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இரண்டு சென்டிமீட்டராவது வேண்டும், பானெட் மூட வேண்டும். ரப்பரில் உட்காரும் என்ஜின் ஓடும்போது ஆடும், அதற்கும் இடம் விடுங்கள்.

கியர் பாக்ஸின் பின் ஷாஃப்டும் பின் ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பினியன் ஷாஃப்டும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இவற்றை இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயிண்டின் கோணம் ஒன்றானால்தான் ஒன்று உண்டாக்கும் அதிர்வை மற்றது அடக்கும். போனில் உள்ள லெவல் மீட்டரை வைத்தே இதைப் பார்க்கலாம். நான் மூன்று நாள் என்ஜினை ஏற்றி இறக்கி இதைச் சரி செய்தேன்.

இடம் முடிவானதும் அட்டையில் பிராக்கெட்டின் வடிவத்தை வெட்டி, அதைப் பட்டறையில் கொடுத்து 6 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்து வாங்குங்கள். ஒரு முனை புது என்ஜினின் ரப்பரில், மறு முனை பாடியில் உள்ள பழைய போல்ட் ஓட்டையில்.

118 என்.இ.க்குத் தரையில் கியர், பத்மினிக்கு ஸ்டியரிங்கில் கியர். ஆகவே லீவர் மேலே வரத் தரையில் ஓர் ஓட்டை போட்டே ஆக வேண்டும். வெட்டுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். வெட்டிய துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். வேறொன்றை வாங்கி லேத் பட்டறையில் வெட்டி, பற்றவைத்து, பேலன்ஸ் பார்த்து மாட்டுங்கள். பழையது அப்படியே இருக்கட்டும்.

மற்ற இணைப்புகள்

ரேடியேட்டரைக் கழுவி, மின்சார ஃபேன் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். மார்ச்சில் பாலக்காட்டு வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிக் கிழியும், எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். கேபிள்கள் சைலன்சரைத் தொடாமல் போகட்டும்.

எர்த் வயரை மறக்காதீர்கள். என்ஜின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் அதற்கும் தடித்த எர்த் பட்டை வேண்டும். நான் அதை மாட்டாமல் செல்ஃப் அடித்தேன். கரண்ட் வேறு வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து, நொடியில் கேபிள் சிவந்து புகைந்தது. உடனே பேட்டரியைக் கழற்றியதால் தீப்பிடிக்கவில்லை. தீயணைப்பு சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, இருபது நிமிடம் ஓடவிட்டு ஒழுகலும் சூடும் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும் மவுண்டிங், ஷாஃப்ட் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். ஸ்பீடோ மீட்டர் தப்பாகக் காட்டலாம், போனின் ஜி.பி.எஸ்.ஸோடு ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகு ஏற்றம் ஏறுங்கள், கண் டெம்பரேச்சர் முள்ளின் மேலேயே இருக்கட்டும்.

இறக்கிய என்ஜினின் ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் இரண்டு கரண்டி ஆயில் விட்டு, ஓட்டைகளை அடைத்து, தார்ப்பாயில் சுற்றி மரப்பலகை மேல் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். நம்பர் பொறித்த இடத்தில் கிரீஸ் தடவி வைத்தால் துருப்பிடிக்காது.