அம்பாசிடரில் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றி டைமிங் வைப்பது எப்படி

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பான சிபி பாயிண்ட் புதிது, கண்டென்சர் புதிது, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவியாயிற்று. ஆனாலும் ஐடிலில் வண்டி குலுங்குகிறது. அப்படியென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின், அதாவது பிளக்குகளுக்கு வரிசையாகப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தின், கேப்பைத் திறந்து உள்ளே சுற்றும் ரோட்டாரை எடுத்துவிட்டு, அது உட்காரும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும்படி ஆடினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. தண்டு ஆட ஆட பாயிண்ட் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. மாற்றுவதுதான் வழி.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் என்ஜின் உள்ள பழைய அம்பாசிடருக்கு. மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த அதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின். பின்னாளில் வந்த இசுஸு பெட்ரோல் என்ஜினுக்கு இது பொருந்தாது. டீசலில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது.

தேவையானவை கொஞ்சம்தான்: ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், சாக்பீஸ், டார்ச், வண்டியின் ஸ்டார்ட்டிங் ஹேண்டில், இரண்டு வயர் இணைத்த ஒரு சிறிய 12 வோல்ட் பல்பு. பார்க்கிங் விளக்கு பல்பு போதும். காதை வைத்தே டைமிங், அதாவது பொறி விழும் நேரத்தை, வைக்கும் பழைய மெக்கானிக்குகளை நான் மதிக்கிறேன். ஆனால் முதல்முறை செய்பவர் பல்பைத்தான் நம்ப வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

கேப்பிலிருந்து ஒரு வயரைக்கூடப் பிடுங்காதீர்கள். முதலில் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு பிளக் வயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1, டிரைவர் பக்கம் 4. இதைச் செய்யச் சோம்பல்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தவன் நான்.

அடுத்து, 1-ஆம் சிலிண்டரை எரியும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, இக்னிஷனை ஆஃப் செய்து, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். 1-ஆம் பிளக் துளையை ஒருவர் விரலால் அடைத்துப் பிடிக்கட்டும். நீங்கள் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அதுதான் கம்ப்ரஷன். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே இருக்க வேண்டும். என்ஜின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல்தான் முதலில் உடையும். பிளக் இல்லாதபோது அந்த ஆபத்து இல்லை. ஆனால் பழக்கம் இப்போதே வரட்டும்.

இப்போது முன்பக்கப் புல்லியைப் பாருங்கள். அதன் விளிம்பில் ஒரு சிறிய வெட்டு இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சாக்பீஸ் தேயுங்கள். டைமிங் செயின் கவரின் அடியில் மூன்று முட்கள் தெரியும். நீளமானது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். மற்ற இரண்டும் அதற்கு முந்தைய 5 டிகிரி, 10 டிகிரி. என்ஜின் சுற்றும் திசையில் வெட்டு முதலில் 10-ஐத் தொடும், பிறகு 5, கடைசியாக நீள முள். உங்கள் மாடலுக்கான கையேடு சொல்லும் டிகிரியில் நிறுத்துங்கள். கையேடு இல்லையென்றால் தொடக்கத்துக்கு 5-இல் வைக்கலாம். முள்ளைத் தாண்டிப் போய்விட்டால் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்து ஒப்பேற்றாதீர்கள். நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். இல்லையென்றால் செயினின் தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும்.

கேப்பைத் திறந்து ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எடுப்பதும் வைப்பதும்

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலிலிருந்து வரும் சன்ன வயர், வாக்குவம் குழாய் இரண்டையும் எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைக் கவ்விய கிளாம்ப் தகட்டை இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றை எடுத்தால் முழுதாக மேலே வரும். அதற்கடியில் உள்ள ஹவுசிங்கின் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அதைக் கழற்றினால் உள்ளிருக்கும் டிரைவ் கியர் தண்டு இடம் மாறி, தேவையில்லாத தலைவலி வரும்.

எட்டிப் பார்த்தால் டிரைவ் தண்டின் தலையில் ஒரு பள்ளம் தெரியும். அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். புது டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கும் அப்படித்தான். அதனால் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். டிஸ்ட்ரிபியூட்டர் வெளியே இருக்கும்போது யாராவது என்ஜினைச் சுற்றிவிட்டாலும் பயப்பட வேண்டாம்; மறுபடி 1-ஆம் கம்ப்ரஷனுக்கு வந்தால் போதும்.

புதியதை மேசையில் வைத்தே பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பாயிண்ட்டின் குதிகால் தண்டில் உள்ள கேமின் மேட்டில் ஏறி நிற்கும்போது 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். டைமிங் வைத்த பிறகு இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் நகர்ந்துவிடும். அதனால்தான் இது முதலில். வாக்குவம் குழாய் மாட்டும் முனையை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், உள்ளே தகடு நகர வேண்டும். நகராவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பழைய கிளாம்ப் தகட்டைப் புதியதில் மாட்டி, ரோட்டாரை மெல்ல இங்குமங்கும் திருப்பியபடி இறக்குங்கள். 'டக்' என்று நாக்கு பள்ளத்தில் விழும். தகட்டின் இரு போல்ட்டுகளை இறுக்கிவிட்டு, கழுத்தைக் கவ்வும் போல்ட்டை மட்டும் பாடி கையால் திரும்பும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள்.

பல்பு வைத்து டைமிங்

பிளக்குகளைத் திரும்ப மாட்டுங்கள். திறந்த துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி வரக்கூடாது. காயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை என்ஜின் பிளாக்கில் எர்த் செய்யுங்கள். பேட்டரியையும் காயிலின் சன்ன வயரையும் இணையுங்கள். பல்பின் ஒரு வயரை அந்தச் சன்ன வயர் வந்து சேரும் முனையில், மற்றதை எர்த்தில் கொடுங்கள். புல்லி வெட்டு முள்ளில்தான் நிற்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு இக்னிஷனைப் போடுங்கள்.

பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும். இந்த என்ஜினில் ரோட்டார் மேலிருந்து பார்க்க இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். பாடியையும் முதலில் அதே திசையில் பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக. பல்பு பளிச்சென்று எரிந்த அந்தக் கணத்தில் நிறுத்தி, கழுத்து போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது பாடி நகர்ந்திருக்கலாம். ஹேண்டிலால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, வெட்டு முள்ளுக்கு வரும்போதே பல்பு எரிகிறதா பாருங்கள். சுற்றுவதற்கு முன் இக்னிஷனை ஆஃப் செய்து, முள்ளை நெருங்கும்போது மட்டும் போடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை வெகுநேரம் விட்டால் காயில் சூடாகிக் கெடும்.

பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை வாங்கியிருந்தால் இந்தப் பல்பு வேலை ஆகாது. அதற்குப் பெட்டியோடு வந்த குறிப்பைப் பாருங்கள். அத்துடன் 1960-களின் பாதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்தவை. அப்படிப்பட்ட வண்டியில் நெகட்டிவ் எர்த்துக்கான எலக்ட்ரானிக் யூனிட்டை மாட்டினால் அது அப்போதே போய்விடும்.

ரோட்டாரையும் கேப்பையும் மாட்டி, ரோட்டார் பார்க்கும் முனையில் 1-ஆம் வயரைச் சொருகுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக 3, 4, 2. எர்த் செய்த தடித்த வயரைக் கேப்பின் நடுவிலும், வாக்குவம் குழாயை அதன் முனையிலும் திரும்ப மாட்டுங்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியாகத் துப்பினால் பெரும்பாலும் வயர் வரிசைதான் தப்பு. அல்லது கம்ப்ரஷனுக்குப் பதிலாகச் சைலன்சர் பக்கம் புகை தள்ளும் சுற்றில் 1-ஐ வைத்திருப்பீர்கள். அப்படியானால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றினால் வண்டி எடுத்துவிடும்.

டைமிங் லைட் இரவல் கிடைத்தால் ஐடிலில் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மேட்டுச் சாலைக்குப் போங்கள். டாப் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது என்ஜினிலிருந்து கோலிக்குண்டு உருட்டுவதுபோல் சத்தம் வந்தால் டைமிங் அதிகம் முன்னே இருக்கிறது. பாடியை ரோட்டார் சுற்றும் திசையில் துளி திருப்புங்கள். சத்தமே இல்லை, ஆனால் பிக்கப் செத்து என்ஜின் சூடேறுகிறது என்றால் எதிர்த்திசையில் துளி.

சரியான இடம் கிடைத்ததும் பாடிக்கும் கிளாம்ப்புக்கும் குறுக்கே ஒரு கீறல் போட்டு வையுங்கள். பழைய ரோட்டார், கேப், கண்டென்சர் மூன்றையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் கட்டி டிக்கியில் போடுங்கள். இப்போது கடையில் கிடைக்கும் ரோட்டார்கள் சில, ரிவெட் வழியாகப் பொறி கசிந்து நடுவழியில் நிறுத்திவிடுகின்றன.